கிரேன் பாஸ்கர், மகள் படிக்கக் கேட்ட கதை

எளாவூர் பக்கம் பாஸ்கரைத் தெரியாதவர்கள் குறைவு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஆபரேட்டர். பத்து டன் இரும்பை முட்டையைத் தூக்குகிற மாதிரி அலுங்காமல் தூக்கி இறக்குவான். அதே ஆளிடம் அரைப் பக்கத்தை வாய்விட்டுப் படி என்றால், கண்ணாடி எடுத்துவரவில்லை என்பான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது.

ஆறாம் வகுப்பில் பிடித்த வினை அது. திக்கித் திக்கிப் படித்தவனை வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றி, "இது கூடவா தெரியல?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. அப்பா குப்பன் அடுத்தவர் வயலில் நாற்று பிடுங்கியவர். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பாஸ்கர் எப்படியோ பத்தாவது, ஐடிஐ என்று கரையேறிவிட்டான். ஆனால் அடுத்தவர் காதில் விழும்படி படிப்பதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டான்.

மகள் பூமிகா மூன்றாம் வகுப்பு. அவளுடைய ஹேமாவதி டீச்சர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாசிப்பு நோட்டு கொடுத்திருந்தார். தினமும் பத்து நிமிடம் பிள்ளை படிக்க வேண்டும். பெற்றவர் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மனைவி சத்யா விடிவதற்குள் கம்பெனி வேனில் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவள். அதனால் பொறுப்பு பாஸ்கர் தலையில் விழுந்தது.

ஆலையில் கிரேனுக்கும் ஒரு செக் லிஸ்ட் உண்டு. பிரேக், கொக்கி எல்லாம் தினம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமையே ஆறு நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவது அங்கே எல்லாருக்கும் கைவந்த கலை. ஆலையில் பழகிய கை வீட்டில் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஆறு "கேட்டேன்", ஆறு கையெழுத்து. வேலை முடிந்தது.

டிசம்பரில் நாலு நாள் மழை லீவு. பள்ளி திறந்ததும் டீச்சர் ஆள் அனுப்பினார்.

"பூமிகா அப்பா, லீவு நாலு நாளும் கேட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. நனைஞ்சிடப் போவுதுன்னு கதைப் புக்கெல்லாம் நான் பீரோவுல வெச்சிப் பூட்டிட்டேன். நீங்க இன்னாத்த கேட்டீங்க?"

பாஸ்கர் நோட்டை வாங்கி மூடினான்.

"திட்டறதுக்குக் கூப்புடல. அவ ரெண்டு எழுத்தப் பாத்துட்டு மீதிய அடிச்சி வுடறா. கேட்டா வாய மூடிக்கிறா. இந்த வருஷம் வாசிப்பப் புடிக்கலன்னா நாலாவதுல எல்லாப் பாடமும் கைவிட்டுப் போயிடும். பக்கத்துல உக்காருங்க. தப்பா படிச்சா உடனே பாயாதீங்க. அவளே சரி பண்றாளான்னு கொஞ்சம் பொறுங்க."

அன்று சாயங்காலமே உட்கார்ந்தான். பஸ்ஸில் ஏறிய ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதை. மூன்றாவது வார்த்தையிலேயே பூமிகா குத்துமதிப்பாக எதையோ சொன்னாள்.

"இது கூடவா தெரியல?"

வாயை விட்டு வந்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று பாஸ்கருக்கு உறைத்தது. பூமிகா புத்தகத்தை மூடிவிட்டாள். தன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் புத்தகத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "இன்னிக்கு நான் படிக்கிறேன். நீ கேளு."

வாய்விட்டுப் படித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாலு வார்த்தை ஓடியது, ஐந்தாவது மாட்டிக்கொண்டது. காதெல்லாம் சூடாகிவிட்டது. பூமிகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா படி நைனா. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க."

எட்டு வயதுப் பெண் அதைச் சொன்னதும் அவன் படிப்பதை நிறுத்தினான். வகுப்பில் அவளைப் பார்த்து யாரோ சிரித்திருக்கிறார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு ஒரு வரி அவன், ஒரு வரி அவள். காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம், மதிய ஷிப்ட் வாரத்தில் நாஷ்டா சாப்பிடும்போது. உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. சில நாள் அவள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள். சில நாள் அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டான். பொங்கல் போய் மாசியும் முடிந்தது. எப்போது அவள் இரண்டு வரி சேர்த்துப் படிக்க ஆரம்பித்தாள் என்று அவனுக்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை மதியம். பூமிகா புதிதாக ஒரு கதை படித்துக்கொண்டிருந்தாள். பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வருகிற இடத்தில் பக்கம் முடிந்தது. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாஸ்கர் எழுந்தான்.

"எங்க போற? உள்ள இன்னா இருக்குன்னு தெரிய வேணாமா?"

"தெரியணும்தான். நீயே சொல்லேன்."

"எனுக்கு மட்டும் எப்டி தெரியும்? இனிமேதான் படிக்கணும். உக்காரு நைனா."

யாரும் சொல்லாமல் அவளே பக்கத்தைப் புரட்டினாள். ஒரு நீள வார்த்தையில் நின்றாள், பின்னால் போனாள், உடைத்து உடைத்துச் சேர்த்துவிட்டு மேலே ஓடினாள். ரோட்டில் பஸ் ஹாரன் இரண்டு முறை கேட்டது. பாஸ்கர் நகரவில்லை. கிணற்றுக்குள் இருந்தது நனைந்துபோன ஒரு பூனைக்குட்டி. அது மேலே வந்து சேர்ந்த பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

பஸ் போயே போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர் முன்பின் தெரியாத ஆள், மடியில் வெங்காய மூட்டை. பாஸ்கருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எம் பொண்ணு படிக்கிறா சார்," என்றான்.

"எத்தினியாவது?" என்று கேட்டார் அவர்.

"அது இல்ல சார்," என்றான் பாஸ்கர். "படிக்கிறா."