ஓடைப்பாதையில் நட்ட கல்

பிள்ளைகளா, போன மாசம் ராசிங்காபுரத்துக்கு மேற்கே மாந்தோப்புகளைத் தாண்டி உங்களை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனேனே, அங்கே பாதையோரத்தில் ஒரு கல் நின்றது ஞாபகம் இருக்கும். ஆள் கழுத்து உயரத்துக்கு இரண்டு கல்தூண், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். பெரியவன் தங்கச்சியைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தான். அவள் காலை ஆட்டிக்கொண்டே, "பெஞ்சை யாருப்பா இம்புட்டு உசரத்துல போட்டது?" என்று கேட்டாள். இறங்கியபோது பாவாடையெல்லாம் பாசிக்கறை. அதற்காக வீட்டில் அம்மாவிடம் திட்டும் வாங்கினாள். சுமை இறக்குகிற கல் என்று மட்டும் உங்களிடம் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அது உங்கள் அத்தையின் கல். நட்டவர் உங்கள் மாமா. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன்.

இப்போது மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு எல்லாரும் ஜீப்பில் போகிறார்கள். எங்களுக்கு அப்போது கால்தான் வண்டி. வாரத்துக்கு வேண்டிய அரிசி பருப்பைத் தலையில் வைத்துத் திங்கட்கிழமை விடியலில் ஏறினால், சனிக்கிழமை இறங்குவோம். தலைச்சுமைக்காரன் வழியில் சுமையைத் தரையில் வைத்துவிட்டால், திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். சுமைதாங்கி இருந்தால் யார் தயவும் வேண்டாம். கல்லை ஒட்டி நின்று தலையிலிருந்து மூட்டையை அதன் மேல் தள்ளிவிடலாம். மூச்சு வாங்கிவிட்டு, குனிந்து தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அந்தக் கல்லைச் சும்மா நடுவதில்லை. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பேரில்தான் நடுவார்கள். அவள் இறக்கி வைக்காமலே கொண்டுபோன சுமை, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை அங்கே இறக்க இறக்கத்தான் இறங்கும் என்பது நம்பிக்கை.

தோட்டத்திலிருந்து மலைமுகட்டு மெட்டைத் தாண்டி இறங்கினால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கல்பாதை. சுற்று அதிகம், ஆனால் எந்த மழையிலும் கால் வழுக்காது. அதன் பாதி வழியில் ஒரு பழைய சுமைதாங்கி உண்டு. யார் பேரில் நட்டது என்று சொல்ல ஆளில்லை. மற்றது ஓடைப்பாதை. புல் அறுக்கிறவர்கள் நடந்து நடந்து விழுந்த தடம். செங்குத்தாக இறங்கி, ஒரு காட்டோடையைத் தாண்டி, அடிவாரத்தில் கல்பாதையோடு சேரும். பிள்ளை உண்டான பெண்கள் பழைய கல்லைத் தாண்டிப் போகமாட்டார்கள். தாண்டினால் அவளுக்கு நேர்ந்தது இவளுக்கும் நேரும் என்ற பயம். அவர்களுக்கு ஓடைப்பாதைதான். கோடையில் அதில் ஒரு கஷ்டமும் இல்லை, ஓடையில் கணுக்கால் நனையாது.

உங்கள் அத்தை எனக்கு நேர் இளையவள். ஏலக்காய் பறிக்கிற பெண்களில் அவள் இருக்கும் வரிசை எதுவென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், சிரிப்பு அங்கேயிருந்துதான் வரும். யாரையும் விடமாட்டாள். மாமா அதே தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்தார். அதிகம் பேசாதவர். இவள் கேலி பண்ணப் பண்ண, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருப்பார். கலியாணமாகி நாலைந்து வருஷம் கழித்து உண்டான பிள்ளை. மாமா அவளைக் குடம் தூக்கக்கூட விடவில்லை. பேறுகாலத்துக்கு முன்பே போடிக்குக் கூட்டிப்போய்விடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. முதலாளி ஜீப்பு மட்டும் போய்வந்த மண்ரோடும் சரிந்து கிடந்தது. மாசம் நிறைவதற்குள் ஒருநாள் காலையில் அவளுக்கு வலியும் இரத்தப்போக்கும் கண்டன. தோட்டத்துக் கம்பவுண்டர் வந்து பார்த்தார். இங்கே தன்னால் ஆகாது, எப்படியாவது போடி ஆஸ்பத்திரியில் கொண்டு சேருங்கள் என்றார்.

மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி அவளைப் படுக்க வைத்தோம். மாமா, நான், தோட்டத்துக் காவல்காரர், மலையாளத்துச் சேட்டன் ஒருவர். இரண்டிரண்டு பேராகத் தோள் மாற்றினோம். மெட்டு ஏறும்வரை அவள் பேசிக்கொண்டுதான் வந்தாள். "ஏண்ணே, ஏலக்கா மூட்டையவே இதவிடப் பதனமாத் தூக்குவியே. இந்தா முன்னால போறாரே, சாமி தூக்குறவுக கணக்கா ஆட்டுறாரு" என்றாள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அடியை மெல்ல எடுத்து வைத்தார்; கழியின் ஆட்டம் குறைந்தது.

பாதை பிரிகிற இடத்தில் மாமா தயங்காமல் ஓடைப்பாதைப் பக்கம் திரும்பினார். காவல்காரரும் திரும்பினார். நானும்தான். அந்த இடத்தில் யோசனை என்று ஒன்று யாருக்கும் எழவில்லை. சேட்டன் மட்டும் நின்றார். "நல்ல வழி இவிடெ உண்டல்லோ" என்று கல்பாதையைக் காட்டினார். மாமா, "அந்தக் கல்லு முன்னால இவளைக் கொண்டு போக மாட்டேன்" என்றார். அத்தனை உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தூளிக்குள்ளிருந்து அவள் சொன்னாள்: "எந்த வழின்னாலும் சரி, வெரசாப் போங்க."

ஓடையின் சத்தம் வெகுதூரத்திலேயே கேட்டது. அப்போதும் நாங்கள் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் ஓடை இல்லை, ஆறு. செந்தண்ணீர், வேரோடு மரங்களை உருட்டிக்கொண்டு போனது. சேட்டன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் அவரை அடித்துப் பாறையில் மோதியது; கயிற்றை இழுத்து மீட்டோம். வந்த வழியே ஏறிக் கல்பாதைக்குப் போய்விடலாம் என்று திரும்பினோம். சேறு காலை வாரியது. முழங்காலில் ஊர்ந்து பார்த்தோம். தூளி ஒரு பக்கம் சரிந்து அவள் கத்தியபோது நின்றுவிட்டோம். ஒரு பாறைக்கு அடியில் அவளை இறக்கி, எங்கள் துண்டுகளையெல்லாம் விரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தோம். மேகம் விலகியபோது கீழே ராசிங்காபுரத்து வயல்கள் பளிச்சென்று தெரிந்தன. தேவாரத்திலிருந்து போடிக்குப் போகிற பஸ்சு தீப்பெட்டியளவில் ஊர்ந்து போனது. கூப்பிடு தூரம் போலத்தான் இருந்தது. காவல்காரர் உண்மையிலேயே கூப்பிட்டுப் பார்த்தார்.

அவள் கண்ணைத் திறந்து, "ஓடையைத் தாண்டியாச்சா?" என்று கேட்டாள்.

மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தாண்டியாச்சுத்தா. இந்தா, வந்துட்டோம்" என்றார்.

"பொய் சொல்லாதீக. தண்ணிச் சத்தம் முன்னாலதான கேக்குது" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். பிள்ளையும் அவளோடு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தானாக வடிந்தது. முழங்கால் ஆழத் தண்ணீரில் அவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஓடையைத் தாண்டினோம்.

கல்லை நட்டது மாமாதான். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பாறை உடைத்து, ஓடைப்பாதை அடிவாரத்தில் இறங்கிக் கல்பாதையோடு சேர்வதற்குச் சற்று முன்னால் நிறுத்தினார். நட்டால் போதுமா, அதில் சுமை இறங்க வேண்டுமே. எல்லாரும் கல்பாதையில்தான் போய் வந்தார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா அரிவாளும் கடப்பாரையுமாக வந்து ஓடைப்பாதையைச் செப்பனிட்டார். முள் வெட்டினார், படி வைத்தார், ஓடையில் காலூன்றக் கல் போட்டார். திங்கட்கிழமை ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு ஏறி வருகிறவர்களைக் கேட்பார்: "ஓடைப்பாதையாவா வந்தீக? கல்லுல எறக்குனீகளா?" இறக்கினோம் என்று சொன்னவருக்கு அவரே கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுப்பார். அவருக்காகவே ஆட்கள் அந்த வழியில் வர ஆரம்பித்தார்கள்.

ஆனால் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று நடந்தது. ஓடைப்பாதையிலும் இப்போது ஒரு கல் நின்றதல்லவா? பிள்ளை உண்டான பெண்கள் அதையும் தாண்டப் பயந்தார்கள். ஒருநாள் தோட்டத்துப் பெண் ஒருத்தி, நிறைமாச வயிற்றோடு, பாதை பிரிகிற இடத்தில் எந்தப் பக்கமும் போகமாட்டாமல் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கடைசியில் அவள் வீட்டுக்காரன் தோட்டத்துக்கே திருப்பிக் கூட்டி வந்துவிட்டான். இதைக் கேட்ட மாமா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் எப்படியோ தோட்டத்துக் குடியிருப்பு லயத்திலேயே நல்லபடியாகப் பெற்றுவிட்டாள். அது மாமாவுக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த வருஷம் உங்கள் அம்மா வயிற்றில் பெரியவன். நாங்கள் இறங்கப்போகிறோம் என்று மாமாவிடம் நான் சொல்லவே இல்லை. பாதை பிரிகிற இடத்துக்கு வந்தால், எங்களுக்கு முன்பே வந்து அங்கே நிற்கிறார். "கல்பாதையாவே வா தங்கச்சி. நான் முன்னால போறேன்" என்றார். உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். பழைய கல் வந்ததும் மாமா அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, உங்கள் அம்மா தாண்டிப் போகும்வரை நின்றார். ஏதாவது வருவதானால் தன் மேல் வரட்டும் என்பது போல. பிறகு என்னைப் பார்த்து, "அன்னைக்கும் இது வெறுங்கல்லாத்தான இருந்துச்சு மச்சான்" என்றார்.

பெரியவன் சுகமாகப் பிறந்தான். அதற்குப் பிறகு எத்தனையோ பெண்களை மாமா அப்படிக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருக்கிறார். கூடவே அத்தை கல்லில் சுமை இறங்குகிறதா என்று கேட்பதையும் அவர் விடவில்லை. ஒரு நம்பிக்கையை உதறியவர் மற்றதை ஏன் பிடித்துக்கொண்டிருந்தார் என்று கேட்காதீர்கள். அதையும் விட்டால் அவளுக்குச் செய்ய அவரிடம் என்ன இருந்தது?

பிறகு ரோடு நன்றாகப் போட்டு ஜீப்புகள் வந்தன. இரண்டு பாதையிலும் ஆள் நடமாட்டம் நின்றது. படி வைத்த இடமெல்லாம் புதர் மூடியது. போன வருஷம் சாவதற்கு முன் மாமா நம் வீட்டில் படுக்கையாகக் கிடந்தாரே, அப்போது கடைசியாக என்னிடம் கேட்டது இதுதான்: "அந்தப் பக்கம் ஆளுக போறாகளா மச்சான்?" போகிறார்கள் மாப்ளே, தினமும் போகிறார்கள் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லாதீக என்று அவள் சொன்ன வார்த்தையை இவரும் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சின்னவளின் பாவாடையில் பாசியைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சுமை இறங்குகிற கல்லில் பாசி பிடிக்காது.

மறு வாரம், உங்கள் யாரிடமும் சொல்லாமல், ராசிங்காபுரத்தில் அரை மூட்டை அரிசி வாங்கினேன். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, மூட்டையைத் தூக்கிவிடக் கடைக்காரரைக் கேட்டேன். ஜீப்பு வருதே அண்ணே என்றார். பரவாயில்லை என்று நடந்தேன். எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, கழுத்து வலித்தது. மாந்தோப்பு தாண்டிக் கல்லை ஒட்டிப் போய் நின்று, மூட்டையை அதன் மேல் தள்ளினேன். வேர்வை அடங்கும்வரை நின்றேன். அப்புறம் குனிந்து தலையைக் கொடுத்து, யாரும் தூக்கிவிடாமல் எடுத்துக்கொண்டேன். மூட்டை இருந்த இடத்தில் பாசி நசுங்கிக் கிடந்தது.