பெயின்ட் பக்கெட்டில் வைத்த செடிகள்

கள்ளிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தை, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரே ஒரு பையோடு பட்டாபிராமில் இருந்த எங்கள் பிளாட்டுக்கு வந்தாள். அப்போதுதான் வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடித்திருந்தோம். காலி பக்கெட்டுகள் நான்கு பால்கனியில் கிடந்தன. அத்தைக்குச் சும்மா உட்கார்ந்து சாப்பிட வராது.

"அண்ணி, இதுல செடி வைக்கட்டா?" என்று கேட்டாள்.

"வையேன். ஓட்டை கீட்டை மட்டும் போட்றாத. நீ போனப்புறம் தண்ணி புடிச்சு வைக்க ஆவும்" என்றாள் அம்மா.

'நீ போனப்புறம்' என்றது என் காதில் ஏறவேயில்லை. மண்ணில் விளையாட விடுகிறார்கள். கரும்பு தின்னக் கூலியா கேட்பேன்? பக்கத்து மனையில் குவித்திருந்த செம்மண்ணை மேஸ்திரியிடம் கேட்டு அள்ளி வந்தோம். எருவும் தேங்காய் நார்த்தூளும் கலந்து பக்கெட்டுகளை நிரப்பினோம். நான் மண்ணைக் குத்திக் குத்தி அமுக்கினேன்.

"அமுக்காதடி, வேரு மூச்சு உட வேணாமா?" என்று அத்தை என் கையைத் தட்டிவிட்டாள்.

கத்தரி, தக்காளி, ஒரு மல்லிப் பதியன். எல்லாம் துளிர்விட்ட நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வடிய வழியில்லாமல் மண் சேறாகிவிட்டது. அத்தை தினமும் காலையில் பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து வடிப்பாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு ஓட்டை போட்டா வேலை முடிஞ்சுது. டிரில்லு எடுத்தாரவா?"

"வேணாண்ணா. அண்ணி பக்கெட்டு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா டிவியைப் பார்த்தாள்.

கடைசியாக மல்லியும் அழுகியது. அன்றே அத்தை மண்ணைக் கொட்டி, பக்கெட்டுகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்தப் புருஷனிடமே திரும்பிப் போனாள். அவள் அங்கே பட்டதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. "இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போயேன்" என்று அம்மா லிஃப்ட் வரை போய்ச் சொன்னாள். அத்தை சிரித்தாள்.

மறுநாள் அம்மா ஒரு கம்பியை அடுப்பில் காய்ச்சி, நான்கு பக்கெட்டிலும் ஓட்டை போட்டாள். வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம்.

"அத்தைதான் போய்ட்டாங்களே, இப்ப எதுக்கும்மா?"

"வருவா இல்ல? வந்து வைக்கட்டும்."

அத்தை வந்தாள், விசேஷங்களுக்கு மட்டும். சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். பாவம், செடி அழுகிப்போன வருத்தம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.