தனித்தனியாக எண்ணியது

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் இருந்த ஒரு நூல் மில்லில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதல் ஆறு வருடம் டெஸ்டிங் ரூமில். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயரும் பாஸ் செய்திருந்ததால், எண்பதுகளின் நடுவில் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது என்னை அந்த அறைக்கு மாற்றினார்கள். அங்கே புரோகிராம் எழுத வந்தவள் என் தங்கை. அவள் எழுதுவாள், நான் ஓட்டுவேன். மில்லில் இதை வைத்துக் கேலி செய்யாதவர்கள் இல்லை. "ஏம்பா, ஊட்டுலயும் அம்மிணிதான் உனக்கு மேஸ்திரியா?" என்று ஃபிட்டர்கள் கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். கேலிக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை.

அவள் அந்த வேலைக்கு வந்ததே ஒரு ஒப்பந்தத்தின் பேரில்தான். சேலத்தில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, பிறகு கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தாள். அந்தக் கோடையில் எங்கள் கிணறு வற்றிப்போய், திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ரிக் வண்டி வந்து எங்கள் காட்டில் போர் போட்டது. தண்ணீர் நன்றாக விழுந்தது. ரிக்காரர் போகும்போது, தன் மகனுக்குப் பெண் கேட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. தங்கை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார்.

"ஒரு வருசம் மில்லுக்குப் போ. பர்மனென்ட் பண்ணுனாங்கன்னா உன் இஷ்டம், நான் பேச மாட்டேன். இல்லீன்னா நான் சொல்ற எடந்தான். என்ன சொல்ற?"

"செரிங்கப்பா" என்றாள். அவளுக்குத் தன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மில்லில் அவளுக்குக் கொடுத்த வேலை இது: எந்த ஸ்பின்னிங் மிஷினை எந்த நாளில் நிறுத்தித் துடைத்து எண்ணெய் விட வேண்டும் என்று ஒரு பட்டியல் தினமும் காலையில் வர வேண்டும். அதுவரை அது ஒரு பழைய மேஸ்திரியின் ஞாபகத்தில் இருந்தது. அவள் ஒவ்வொரு மிஷினாகப் போய் நின்று பார்த்தாள், தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு வருவாள். எட்டு மாதத்தில் எழுதி முடித்தாள். ஒரே நீளமாக எழுதாமல் பத்தொன்பது சின்னச் சின்ன ஃபைல்களாகப் பிரித்து எழுதியிருந்தாள். "ஒரு எடத்துல கோளாறுன்னா அந்த ஒண்ண மட்டும் பிரிச்சுப் பாத்துக்கலாமுங்ணா" என்று காரணம் சொன்னாள்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சோதனைக் கட்டளை இருந்தது. லிண்ட் என்று அடித்து, பக்கத்தில் ஃபைலின் பெயரை அடித்தால் போதும். புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலே, எழுத்தை மட்டும் படித்துப் பார்த்து, எங்கெங்கே சந்தேகம் என்று வரி வரியாகச் சொல்லும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. டெஸ்டிங் ரூமில் நான் செய்த வேலையும் அதுதானே. நூலைத் துணியாக நெய்வதற்கு முன்பே எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது, எங்கே பஞ்சு முடிச்சு விழுந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்வது. தினமும் அந்த எண்ணிக்கையை மில் வாசலில் இருந்த கரும்பலகையில் மிஷின் நம்பர் போட்டு எழுதி வைப்போம். எண்ணிக்கை கூடிய மிஷின்காரன் அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்க மாட்டான்.

அதனால் முதல் தடவை நான் லிண்ட் போட்டபோது, பத்தொன்பது ஃபைலையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பிரின்டர் அரைமணி நேரம் கறகறவென்று ஓடியது. தாள் மடிந்து மடிந்து தரையில் விழுந்தது. தங்கை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னங்ணா இது, ஒவ்வொண்ணாக் குடுத்திருக்கறீங்க?"

"ஒவ்வொரு பாபினாத்தான எடுத்துப் பாக்கோணும்?"

"இது பாபினா? இங்க பாருங்க. இந்த ஃபைலு பக்கத்து ஃபைல்ல இருக்கற ஒண்ணக் கூப்புடுது. நீங்க பக்கத்து ஃபைலக் காட்டவே இல்ல. அதுதான், கூப்புடறாங்க, ஆளக் காணோம்னு கத்துது. அந்தப் பக்கம் போனா, இங்க ஒருத்தன் சும்மா ஒக்காந்திருக்கறான், யாருமே கூப்புடலைன்னு கத்துது. ரண்டு பேரையும் ஒண்ணா நிறுத்துனா வாயத் தொறக்காது."

பத்தொன்பது பெயர்களையும் ஒரே வரியில் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். பதினான்கு வரிகள்தான் வந்தன. அதில் ஒன்று மட்டும் உண்மையான தவறு. ஓர் இடத்தில் எண் எதுவும் போட்டு வைக்காமலே அதை எடுத்துக் கூட்டியிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உடனே திருத்தினாள். ஒரு வரி குறைந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தால் வேறோர் இடத்தில் எழுதி வைத்தது எதற்கும் பயன்படாமல் போய், அதற்கு ஒரு வரி புதிதாக வந்ததால், மறுபடியும் பதினான்கு. அதெல்லாம் தீங்கில்லாதவை என்று ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள். அந்தப் பதினான்கும் எனக்கு மனப்பாடம். அன்றிலிருந்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போட்டேன்.

வருடம் முடிய ஒரு மாதம் இருந்தபோது, குறை கண்டுபிடிக்கும் கட்டளை ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் லிண்ட், அதாவது இங்கிலீஷில் பஞ்சுத் தூசு, என்றதும், "நம்ம பஞ்சு பேரையே வெச்சிருக்கறானே" என்று சந்தோஷப்பட்டாராம். அவர் படிப்படியாக மேலே வந்தவர். நூலைக் கையில் உருட்டிப் பார்த்தே எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்வார். மேனேஜர் என்னிடம் வந்து டெஸ்டிங் ரூம் ஃபாரம் ஒன்றைக் கொடுத்தார்.

"முதலாளி பாக்கோணுமாம். அம்மிணி எழுதுனதையும், முன்னால கோயம்புத்தூர்க்காரர் எழுதிக் குடுத்த பஞ்சு ஸ்டாக் புரோகிராமையும் ரண்டையும் போட்டு எண்ணிக்கை எழுதிக் குடு. சாயங்காலம் வேணும்."

அன்றைக்குத் தங்கை லீவு. ரிக்காரர் வீட்டிலிருந்து நாலு பெண்கள் சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறார்கள் என்று அம்மா நிறுத்திவிட்டாள். ஃபாரத்தில் சாம்பிள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. பத்தொன்பது ஃபைலுக்குப் பத்தொன்பது கட்டம். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று ஆறு வருடம் பழகிய கை. ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகப் போட்டு, வரிகளை எண்ணி, கட்டம் கட்டமாக எழுதி, அடியில் கூட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு. கோயம்புத்தூர்க்காரர் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக எழுதியிருந்தார். அதற்கு ஒரே கட்டம், ஒன்பது.

எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கூட்டி முடித்தபோது இது சரியான எண்ணிக்கை இல்லை என்று தெரிந்தது. ஃபாரம் கேட்டதைத்தானே எழுதினோம், விவரம் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் இரண்டு பேரையும் முதலாளி கூப்பிட்டார். ஆறேழு வருடத்தில் நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. மேஜை மேல் என் ஃபாரம் இருந்தது.

"அம்மிணி, நான் நூலு திரிக்கறவன். இந்தப் பொட்டியப் பத்தி எனக்கொண்ணும் தெரியாது. குறை எத்தனைன்னு சொன்னா அது தெரியும். ஒன்பது எங்க, நானூத்திப் பன்னண்டு எங்க?"

அவள் ஃபாரத்தைப் பார்த்தாள். ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபம் வரவில்லை, சிரிக்கக்கூடச் செய்தாள்.

"அது குறை இல்லீங்க. ஒவ்வொண்ணாத் தனியாப் போட்டா அப்படித்தான் காட்டும். அண்ணனுக்கு நல்லாத் தெரியுமுங்க. கேட்டுப் பாருங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. உண்மையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் திரும்பினார்.

"என்ன தம்பி, இது நீ எடுத்ததுதான?"

"ஆமாங்க."

"எண்ணிக்கை செரிதான?"

"செரிங்க."

அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு நேரம் கொடுத்தார். தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கம் சொன்னால் நான் கையெழுத்துப் போட்ட தாள் தப்பு என்று ஆகிவிடும். பிறகு இன்னொரு கேள்வி வரும். அதற்கும் நின்று பதில் சொல்ல வேண்டும். நான் தரையில் இருந்த பச்சை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரே ஊட்டு ஆளே செரிங்கறான்" என்றார் முதலாளி. "அப்பறம் நான் என்ன சொல்லட்டும்? நல்ல புள்ளதான் நீ. ஆனா பர்மனென்ட் பண்ண மனசு ஒப்பலம்மிணி."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தாள், நான் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். இறங்கிக் காட்டு வழியில் பாதி தூரம் எனக்கு முன்னால் நடந்தாள். பிறகு நின்றாள்.

"மூணு வார்த்தைதானுங்ணா. சேத்துப் பாத்தா பதினாலுங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லியிருக்க வேண்டாம்."

அவள் அழுதிருந்தால், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அந்த மூன்று வார்த்தை எப்படி வராமல் போனது என்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அந்த மாதிரிதான் கேட்டாள்.

மறுநாள் நான் சீக்கிரமே போய், பத்தொன்பதையும் சேர்த்து லிண்ட் போட்டு, அந்தப் பதினான்கு வரித் தாளைக் கிழித்து மடித்துக்கொண்டு முதலாளி அறை வாசலில் நின்றேன். மூன்று நாள் அப்படி நின்றேன். வெளியே உட்கார்ந்திருந்த கிளார்க், "என்னப்பா, வைகுண்ட ஏகாதசியா? கதவு எப்பத் தொறக்கும்னு காத்துக் கெடக்கற?" என்றான். மூன்றாம் நாள் முதலாளியே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். தாளைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

அவள் மீதி நாட்களையும் ஒழுங்காக வந்து வேலை செய்தாள். கடைசி நாளன்று எனக்குத் தேவைப்படும் என்று கட்டளைகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தாள். தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. ரிக்குடன் வடக்கே மத்தியப் பிரதேசம் போனால் வருவதற்கு ஆறு மாதம், எட்டு மாதம் ஆகும். பெரிய வீட்டில் மாமியாரும் அவளும். தாலி கட்டும்போது நான் பந்தி வேலை இருப்பதுபோலச் சமையல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவளை அனுப்பிவிட்டார்கள், ஆனால் அவள் எழுதிய புரோகிராமை அனுப்பவில்லை. வேறு எழுத ஆளில்லை. கோயம்புத்தூர்க்காரர் அதிகம் கேட்டார். அதனால் தினமும் காலையில் நான்தான் அதை ஓட்டினேன். எந்த மிஷினை நிறுத்த வேண்டும் என்று அது சொல்லும். ஃபிட்டர்கள் பட்டியலை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருநாளும் தவறான மிஷின் வந்ததில்லை. பழைய மேஸ்திரியே ஒருமுறை, "என்னைய விட இதுக்கு நெனப்பு ஜாஸ்தி" என்றார். யாருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு ஞாபகம் இல்லை.

இரண்டு வருடம் கழித்துப் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் அவள் மில்லைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குக் கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் எழுதுன புரோகிராம் இன்னும் ஓடுதுங்ளாண்ணா?"

முந்தின நாள் காலையில்கூட ஓட்டியிருந்தேன். ஓடுகிறது என்று சொன்னால், அப்புறம் ஏன் என்னை அனுப்பினார்கள் என்று கேட்பாள். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது, நான்தான் காரணம் என்பது.

"இல்லம்மிணி. அப்பவே எடுத்துட்டாங்க."

"ஓ" என்றாள். இரண்டு துணிகளை மடித்து வைத்தாள். "அப்ப நெசமாவே தப்பு இருந்திருக்கும் போல இருக்குது. நானும் எத்தனையோ நாளு மனசுக்குள்ள ஒவ்வொரு வரியா ஓட்டிப் பாத்துட்டேன். எங்கேன்னு புடிபடவே இல்ல. யாராச்சும் சொன்னாங்ளா, எந்த எடத்துலன்னு?"

"தெரியலம்மிணி" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, குழந்தை சிணுங்கியதால் எழுந்து உள்ளே போனாள். பிறகு அதைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. தான் எழுதியதில் எங்கோ ஒரு குறை இருந்தது, தனக்குத்தான் அது தெரியவில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.