நாலு கல் நட்ட அந்தோணிராஜ்

அறுபது வயதுவரை அந்தோணிராஜின் பறவை ஞானம் மூன்றோடு நின்றிருந்தது: காக்கா, புறா, சிக்கன் அறுபத்தைந்து. அத்தோடு நின்றிருந்தால் மனிதர் நிம்மதியாகச் செத்திருப்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பழுது கண்டுபிடித்தே காலம் தள்ளியவர். ரிடையரான பிறகு கம்பெனி அவரை மறந்தது. கனடாவிலிருக்கும் மகள் ஸ்டெஃபி, "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போனை வைத்தாள். மிச்சமிருந்தது வீட்டுச் சாம்பார் ஒன்றுதான். அதையும் அவர் சோதிக்கத் தொடங்கியதும் மனைவி ஞானசௌந்தரியின் பொறுமை முடிந்தது.

"மாடில போயி இன்னாத்தையாவது பாத்துகினு கெடங்க. இங்க நின்னு என் உசுர வாங்காதீங்க."

போனார். எதிரே ஒரு காலி மனை. பாரிவாக்கத்தில் அழிந்துவரும் அபூர்வ இனம் அது. அதில் மஞ்சள் காலும் கண்ணோரம் சிவப்புச் சதையுமாக ஒரு பறவை, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல நாலடி நடந்து, நின்று, தலை சாய்த்து யோசித்தது. அவ்வளவுதான். அந்தோணிராஜ் அதன் அழகில் விழுந்துவிட்டார்.

பைனாகுலர் வந்தது, புத்தகம் வந்தது. பறவையின் பெயர் ஆள்காட்டி என்று தெரிந்தது. ஞாயிறு பூசையில் பாதிரியார் மோட்சத்தைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் ஜன்னல் வழியே பனங்காடையைத் தேடினார்.

மே மாதம் ஆள்காட்டி முட்டையிட்டது. கூடு கிடையாது, வெறும் தரையில், ஜல்லியோடு ஜல்லியாக நான்கு. வெயில் கொளுத்தும்போது, தண்ணி லாரி சிந்திய குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து அவற்றின்மேல் உட்காரும். அந்தோணிராஜ் முட்டைகளைப் பைனாகுலரில் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். ஆயுளில் முதல்முறையாக, தள்ளுபடி செய்ய ஒன்றும் அகப்படவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஜெபம்: நாலும் பொரிய வேண்டும்.

ஆனால் மனையில் மாடு மேய்ந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். யாருக்கும் முட்டை கண்ணில் படாது; காலில்தான் படும். ஆகவே ஒரு விடியற்காலை, சுற்றிலும் நாலு கல் நட்டு, பளிச்சென்று சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார். அவர் திரும்பும்வரை ஆணும் பெண்ணுமாகப் பறவைகள் இரண்டும் அவர் தலைக்குமேல் கத்திக்கொண்டேயிருந்தன.

"அடுத்தவன் மனைல கல்லு நட்டுட்டு வர்றீங்களே, புத்தி கீதா?" என்றாள் ஞானசௌந்தரி.

"அது மனையில்ல. பிரசவ வார்டு."

பாரிவாக்கத்தில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும்: வெள்ளையடித்த நாலு கல் என்றால், யாரோ யாருடைய இடத்தையோ மடக்குகிறார்கள். பறவைகளைப் பற்றி அத்தனை படித்தவருக்கு இது மட்டும் உறைக்கவில்லை. முனை டீக்கடையில் உட்கார்ந்து மனைத் தரகு பார்க்கும் தங்கராஜுக்கு உறைத்தது. மனையின் சொந்தக்காரர் அரவிந்தனுக்கு உடனே போன் போட்டார்.

வாங்கிய நாளிலிருந்து எட்டிப்பார்க்காத அரவிந்தன், ஐ.டி. வேலைக்கு லீவு போட்டு, மறுநாளே ஜே.சி.பி.யோடு வந்து இறங்கினார். அந்தோணிராஜ் லுங்கியோடு ஓடினார்.

"தம்பி, நிறுத்துங்க! கல்லு நட்டது நான்தான்."

"எதுக்கு சார் நட்டீங்க?"

"முட்டைக்கு. குருவி முட்டைக்கு."

அரவிந்தன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்கப்பா காலத்துல கோயில் கட்டறோம்னு வளைப்பாங்க. நீங்க முட்டையா?"

"அண்ணாத்தே, நீங்களா?" கூடவே வந்திருந்த தங்கராஜ் தலையில் கைவைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கலாமே. பொய் சொன்னாலும் பொருந்தற மாதிரி சொல்லுங்க!"

"சத்தியமா, தம்பி. ஒரு பத்து நாள் குடுங்க. வந்து பாருங்க, அதோ அங்க…"

அவர் காட்டிய திசையில் ஜல்லிதான் தெரிந்தது. அரவிந்தன் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். வாளி இறங்கியது, ஒரே இழுப்பில் கல், ஜல்லி, எல்லாம் ஒரு குவியல். முட்டை உடைந்த சத்தம்கூடத் தனியாகக் கேட்கவில்லை.

பறவைகள் இரண்டும் அலறிக்கொண்டு எழும்பின. ஜே.சி.பி. பக்கம் திரும்பவேயில்லை. நேராக அந்தோணிராஜின் மேல் பாய்ந்தன. சுற்றின, மறுபடி பாய்ந்தன. முட்டையருகே வந்த முகமென்று அவற்றுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"தலைய மூடுங்கண்ணாத்தே, கொத்திடப் போவுது!" என்று தங்கராஜ் கத்தினார்.

அந்தோணிராஜ் கையைத் தூக்கவில்லை.