ஒரே லைனில் மூன்று பேர்

கல்யாணம் முடிந்து திருவண்ணாமலைக்குக் குடிவந்தபோது நான் வேலையை விடவில்லை. இரண்டாயிரத்துகளின் நடுவில் அது இங்கே யாருக்கும் எளிதில் விளங்காத விஷயம். நான் வேலை பார்த்தது சென்னையில் ஒரு சின்ன டிசைன் அலுவலகம். அதை நடத்திய மேடத்திடம் போய், கணவருக்குத் திருவண்ணாமலையில் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றேன்.

"அங்க பிராட்பேண்ட் இருக்கா?" என்றார்.

"வந்துடுச்சு மேடம்."

"அப்புறம் எதுக்கு நிக்கிறே? கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போ."

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடி வீடு ஒன்று அமைந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு என்மேல் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏம்மா, ஆபீஸ் மெட்ராஸ்லன்ற, நீ இங்க குந்தினு இருக்க. நீ வேலை செய்றியா தூங்குறியான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தூங்கினா வேலை போய்ச் சேராதுங்க, தெரிஞ்சுடும்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எங்களுக்குப் படம் வரைந்து தந்தவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, நிலத்தையும் பார்த்துக்கொண்டு வரையலாம் என்று ஊர் திரும்பியவர். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். காகிதத்தில் வரைந்து, பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அனுப்புவார். அவரும் மேடமும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

அந்தச் சமயம் சென்னையில் ஒரு மருத்துவமனை, புதுக் கட்டடத்துக்கு வழிகாட்டிப் பலகைகள் கேட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்தே பிரசவ வார்டுக்கும் எக்ஸ்ரேவுக்கும் போய்விட வேண்டும். அவர் வரைய, நான் பலகையாக அமைக்க, மேடம் பார்த்துத் திருத்தம் சொல்ல என்று வேலை ஆரம்பமானது.

மேடத்தின் மெயில் எப்போதும் ஆங்கிலத்தில் ஒரு வரிதான். தலையை மாற்று. கோடு தடிமன். மறுபடி வரை. பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் என்பதால், ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டுகிற மெயில் அது என்று எனக்குத் தெரியும். படம் வரைகிறவருக்கு அது தெரியாதே. ஒரு வாரம் படம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன்.

நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்; நிலக்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பேர். என்னைப் பார்த்ததும் அவர் ஒரு கொத்தை உதறி எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

"சாப்பிடுங்கக்கா. பச்சையாவே நல்லா இருக்கும்."

"படம் எங்க?" என்றேன்.

"எங்க வூட்டு மாட்டைக்கூட நான் இப்படி அதட்டுறதில்லக்கா. மாத்து, திரும்பச் செய், திரும்பச் செய். நல்லா இல்லன்னா ஏன் நல்லா இல்லன்னு சொல்லட்டும், கேட்டுக்கிறேன்."

வரப்பில் நின்றபடியே சென்னைக்குப் போன் போட்டு, அவர் சொன்னதை அப்படியே சொல்லி, போனை அவர் கையில் கொடுத்தேன். மேடம் பேசியது எனக்கும் கேட்டது.

"எனக்குக் கோபமே இல்லைங்க. அந்தக் கர்ப்பிணிப் பொண்ணு படம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"அதை நீங்க எழுதவே இல்லியே மேடம்?"

"நல்லா இருந்தா அதுல சொல்றதுக்கு என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பழக்கம் ஒன்று அன்றைக்கு உருவானது. குறையைப் போனில், காரணத்தோடு சொல்ல வேண்டும். நல்லதை மெயிலில், எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டும். தினமும் காலையில் மூன்று பேரும் ஒரே லைனில் வந்தோம். முதலில் ஊர்க்கதை, பிறகுதான் வேலை. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் எங்கள் ஊரில் ஆட்டோகூட நகராது என்பதைக் கேட்டுக் கேட்டு, சென்னை அலுவலகக் காலண்டரிலும் மேடம் பௌர்ணமியை வட்டமிட்டு வைத்தார்.

படங்கள் முடிந்ததும் மேடமே கிளம்பி வந்தார். மூவரும் ஒன்றாக நின்ற முதல் இடம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு. படங்களைக் காட்டி, இது என்னவென்று பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களிடம் கேட்டோம். நான் யோசனை சொன்ன எக்ஸ்ரே படத்தை ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீன் முள்ளு. மீன் கடைங்களா?"

மருந்துக் கடைக்கு மேடம் சொன்ன கல்வம், அதாவது மருந்து அரைக்கும் கல், பார்த்தவர்களுக்கு மாவாட்டுகிற கல் ஆனது. கண் பிரிவுக்கென்று கீழ்பென்னாத்தூர்க்காரர் பெருமையாக நீட்டிய ஒற்றைக் கண்ணைப் பார்த்து ஒரு பெண், "திருஷ்டிப் படத்தை எதுக்குங்க ஆஸ்பத்திரில மாட்டுறீங்க?" என்றார். அந்தக் கர்ப்பிணியை மட்டும் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. சேலை கட்டி, இடுப்பில் ஒரு கையை ஊன்றி நின்றாள் அவள். என் வீட்டு மாடியில் உட்கார்ந்து மற்றவற்றைத் திரும்ப வரைந்தோம். வீட்டுக்கார அம்மா காப்பி கொண்டுவந்தார். ஆபீஸ் என்று ஒன்று உண்மையிலேயே இருப்பது அன்றுதான் அவருக்கு நிச்சயமானது.

மருத்துவமனைக் கூட்டத்துக்கு மேடம் மட்டும் போனார். நாங்கள் போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கிருந்த அதிகாரி, சேலைக்காரியை எடுத்துவிட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரி மாதிரி ஏதாவது போடலாமே என்றார்.

"இதை எடுக்கிறதா இருந்தா மத்ததையும் எடுத்துடுங்க சார்" என்றார் மேடம். "யாருமே தப்பாச் சொல்லாத படம் இது ஒண்ணுதான்." பிறகு பஸ் ஸ்டாண்டுக் கதையைச் சொன்னார். மீன் முள் வந்ததும் அதிகாரியே சிரித்துவிட்டார். சேலைக்காரி தப்பித்தாள்.

மத்தியானம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்: "மேடம், இன்னிக்கு நீங்க பேசினது ரொம்ப நல்லா இருந்துச்சு." மேடம் அதை அச்செடுத்து வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

கட்டடம் திறந்த பிறகு பார்க்கப் போனேன். நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் தன் அம்மாவுடன் வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, சரியான பக்கம் திரும்பி நடந்தாள்.