கட்டில்மேல் புத்தகங்கள்

அப்பா செத்து ஒரு மாதம் கழித்து அவருடைய புத்தகப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. பிரிக்பீல்ட்ஸில் இன்று கொண்டோ அடுக்குமாடி நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் பலகை வீட்டுக்குள் மழை வலுத்தாலே கால்வாய்த் தண்ணீர் வந்துவிடும். உடனே அப்பா, தாம் எழுதிய ஜெப வாழ்வு, திருச்சபை வரலாறு, நகைச்சுவை ஓபரா என்ற இசைநாடகம் பற்றிய நூல்களையெல்லாம் எங்களைக் கட்டிலில் அடுக்கச் சொல்லி, நடுவே காலை மடக்கி உட்கார்ந்து ஏதாவதொரு ஓபரா பாட்டை முணுமுணுப்பார். தனக்குக் காய்ச்சலாக இருந்தாலும் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வடியும்வரை அதிலேயே நிற்பாள்.

புத்தகங்களை எடுத்துப்போக வந்த கல்லூரி நூலகர் புரட்டிப் பார்த்தார். “ஒரு பக்கம்கூட நனையலையே ஆன்டி. எவ்ளோ பத்திரமா வச்சிருக்காரு.”

“ஆமா லா,” என்றேன். “நாங்கதான் நனைஞ்சோம்.”