அச்சில் வந்த ஏழுமலை

சபாபதி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் காலையில் வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர். உத்திரமேரூர் கடைத்தெருவில் என் மாவு மிஷின் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, படியில் நின்றபடியே சொன்னார்: "அண்ணே, ஒங்க புக்கு சார் பூட்டாரு. ஏரிக்கர மேல சைக்கிள் ஒரு பக்கம் கீது, ஆளு ஒரு பக்கம் கீறாரு." விசில் ஊதினார், பஸ் போய்விட்டது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்த வயதுக்கும் அந்த உடம்புக்கும் மாரடைப்பு வரக்கூடியதுதான். ஆனால் பல வருடங்களாக அவர் அந்த ஏரிக்கரை வழியாகப் போவதே இல்லை. எதற்காக அன்று போனார் என்று யாரும் கேட்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் நிறையப் பேர் பேசினார்கள். புத்தகப் பிரியர் என்றார்கள், யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்றார்கள். எனக்குப் பேச இடம் தரவில்லை. "நீங்க ஏதாவது எசகுபிசகா பேசிடுவீங்க" என்று ஒருவர் என் காதோடு சொன்னார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இங்கிலீஷைக் கிழிந்த அகராதியை வைத்துக்கொண்டு நானே கற்றவன். மேடையில் பேச எனக்குத் தகுதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அவரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கல்லூரிகளுக்குப் புதிய புத்தகங்களைக் கொண்டுபோய்ப் பேராசிரியர்களிடம் காட்டி ஆர்டர் வாங்குவது சபாபதியின் வேலை. மண்ணியல், பயிர் நோய், பொருளாதாரம், மொழியியல், சரித்திரம் என்று அந்தந்த வருடம் வெளிவந்தவற்றின் மாதிரிப் பிரதிகள் இரண்டு பெரிய பைகளில் இருக்கும். வாரக் கடைசியில் பைகளோடு ஊருக்கு வருவார். திங்கட்கிழமை வரை அவை எங்கள் புத்தகங்கள். அப்போதெல்லாம் மின்வெட்டுக்குக் கணக்கில்லை. கரண்ட் போனால் என் மிஷின் நிற்கும். கேழ்வரகும் அரிசியும் கொண்டுவந்தவர்கள் டின்னும் கூடையுமாகக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் அவர் படிப்பார். இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்வார். நான் அகராதியோடு குறுக்கே விழுவேன். "புத்தகம் புதுசா இருக்கும்போதே அதோட சண்ட போட்டுடணும்யா. பழசானா அதுக்கு மரியாத வந்துடும்" என்பார்.

ஒருநாள் மொழியியல் புத்தகம் ஒன்றைப் படித்தார். எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் மறைந்துவிட்டது என்று அதில் கண்டிருந்தது. மாவரைக்க வந்த கன்னியம்மாவைப் பார்த்து, "எங்கே, வாழைப்பழம்னு சொல்லு" என்றார்.

"வாயப்பயம்."

"பாத்தியா, அப்படியே போட்டிருக்கான்."

"எங்க வாயக்கூட புக்குல போட்டுட்டானுங்களா? இன்னாத்துக்கு சார், விக்கறதுக்கா?" என்று கேட்டாள் கன்னியம்மா. காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சபாபதியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அடுத்து வந்தது நிலத்தடி நீர் பற்றிய புத்தகம். ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் அடுத்தவர் கிணறு வற்றும், அவரும் ஆழப்படுத்துவார், கடைசியில் எல்லோரும் பாறையில் போய் நிற்பார்கள் என்று அதிலிருந்து சொன்னார். ஒரு விவசாயி பாதியில் எழுந்து, "சாபம் உடற மாரி கீது சார், நிறுத்துங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு மிஷினுக்குப் போய்விட்டார். கேட்பவர்களுக்குப் படிப்பதும் சாபம் விடுவதும் ஒன்றாகத் தோன்றத் தொடங்கியது அப்போதுதான்.

இனி, எல்லாவற்றையும் மாற்றிய புத்தகத்துக்கு வருகிறேன். நெருக்கடி நிலைக்கு முன்பு, வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் எங்களுக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தில் ஒரு வருடம் தங்கியிருந்தார். ஊரின் பெயரை நானும் எழுதமாட்டேன். வேலையில்லாத நாட்களில் சபாபதி அவருக்கு ஊர்க்காரர்களின் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னார். சில வருடங்கள் கழித்து அது சமூகவியல் நூலாக வெளிவந்து, மற்ற மாதிரிப் பிரதிகளோடு சபாபதியின் பைக்கே வந்து சேர்ந்தது. ஊருக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பேசியவர்களுக்கும் வேறு பெயர்கள். இப்படிப்பட்ட நூல்களில் அதுதான் வழக்கம், வாய் திறந்தவனுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகப் பெயரை மாற்றுவார்கள் என்று சபாபதி எங்களுக்கு விளக்கினார். அந்த வழக்கத்தை அவர் நம்பினார். நம்பித்தான் படித்தார்.

கரண்ட் இல்லை. ஏரியைப் பற்றிப் படித்தார். அறுவடைக் கூலியைப் பற்றிப் படித்தார். பிறகு கிணறு வந்தது. பெரிய வீட்டுக் கிணற்றில் பிணமாகக் கிடந்த கூலியாள் தானாக விழவில்லை என்றும், அப்போது அங்கே நின்றவர்களைத் தாம் பார்த்ததாக ஏழுமலை என்பவர் கூறினார் என்றும் எழுதியிருந்தது. சாவு உண்மை. கிணறு எது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"யாரு, நம்ம காலனி ஏழுமலையா?" என்று கேட்டாள் அந்த ஊர்க்காரியான கன்னியம்மா.

சபாபதி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆராய்ச்சியாளர் எங்கிருந்தோ எடுத்து வைத்த பெயரில், அந்த ஊரிலேயே உயிருள்ள மனிதன் ஒருவன் இருந்தான். கரண்ட் வந்தது. தானியத்தைக் கொட்ட யாரும் எழவில்லை.

ஏழுமலை அந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன். அவன் வந்தது ஆராய்ச்சியாளர் போன பிறகு. அன்று கேட்டவர்கள் மூலம் பேச்சு பெரிய வீடு வரை போய்ச் சேர, அடுத்த வாரம் என் மிஷினுக்கு ஓடிவந்தான். "நைனா, நான் யாராண்ட இன்னா சொன்னேன்? அந்த வெள்ளக்காரன் மூஞ்சியக்கூட பாத்தது இல்ல. வேலைக்கி வராதன்றாங்க. வூட்டாண்ட வந்து நின்னுக்கினு கீறானுங்க. ஒண்ணும் பேச மாட்டன்றானுங்க. திட்னாக்கூட தேவல நைனா."

சபாபதி வந்திருந்த ஒரு நாள் பெரிய வீட்டுக்காரர் என் மிஷினுக்கே நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. "அச்சுல போட்டுகீது சார். அவ்ளோ பெரிய புக்குல பொய்யா போடுவான்?" என்றார்.

"அது நெஜப் பேரு இல்லைங்க. பேரை மாத்தித்தான் போடுவாங்க. இந்த ஏழுமலை அப்போ இந்த ஊர்லயே இல்ல" என்றார் சபாபதி.

பெரிய வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. "அப்டியா! அப்போ இவன் இல்ல. செரி, பாவம், பொழச்சிப் போறான். அப்போ வேற எவனோ ஒருத்தன் கீறான். யாரு சார் அது?"

ஒருவனைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தை இன்னொருவனைத் தேடவைத்துவிட்டது. மொழிபெயர்த்தவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது என்பது பெரிய வீட்டுக்காரருக்கும் தெரியும். சபாபதி கையிலிருந்த புத்தகத்தை மூடினார்.

"நான்தான்" என்றார்.

"நீங்களா? ஆளு செத்த அன்னிக்கி நீங்க வேலூர்ல இல்ல இருந்தீங்க?"

"எங்க இருந்தா இன்னா? சொன்னது நான்தான்."

"செரி சார். படிச்சவரு, நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, அவருடைய பையை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

ஏழுமலை பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டான். சில மாதங்களில் பஸ்ஸின் மேலிருந்த சபாபதியின் பைகள் காணாமல் போயின. ஏரிக் கால்வாயில் கிடந்த புத்தகங்களை நானும் அவரும் போய்ப் பொறுக்கினோம். ஊறி, தடித்து, பிரிக்க முடியாமல் இருந்தன. "நனையாம ஒண்ணுகூட இல்லியா?" என்று கேட்டேன். "ஆள விட்டாங்களேன்னு பாரு" என்றார். மறுபடியும் அதுபோலவே நடந்தது. வேலை போயிற்று. ஒரு மண்டியில் உட்கார்ந்து கணக்கு எழுதினார். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தால்தான் ஏறுவார்.

அவர் ஏன் அதைப் படித்தார் என்று இன்று கேட்கிறார்கள். கூட்டத்தில் பேசியவர்களும் வெளியே வந்து டீக்கடையில் அதைத்தான் கேட்டார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். எங்கள் கிணற்றையும் எங்கள் கூலியையும் எங்கள் சாவையும் எங்கோ ஒரு பட்டணத்தில் மாணவர்கள் படித்துப் பரீட்சை எழுதலாம், நாங்கள் மட்டும் காதால் கேட்கக்கூடாதா? தவறு படித்தவர் மேல் இல்லை. அந்தக் கிணற்றருகே நின்றவர்கள் மேல்தான் என்று அன்றும் சொன்னேன். இன்றும் அதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரிய வீட்டுக்காரரின் மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பா படுக்கையில் இருக்கிறார் என்றான். "பெரியவரே, சார் ஒங்ககிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டாரு. பழைய கததான். வெள்ளக்காரன்கிட்ட சொன்னது யாருன்னு சும்மா தெரிஞ்சிக்கலாம்னு கேக்கறேன்." நான் மிஷின் பெல்ட்டை மாட்டினேன். "அவசரம் இல்ல, யோசிச்சி சொல்லுங்க" என்று எழுந்து போனான். அதிலிருந்து மிஷினுக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் தினமும் வந்து நிற்கிறது. அதன்மேல் இருப்பவன் யாரிடமும் பேசுவதில்லை.

சபாபதியிடம் அந்தக் கேள்வியை நானும் ஒருமுறை கேட்டதுண்டு. அவர் என்ன பதில் சொன்னார், பதில் சொன்னாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. தெரியும் என்றும் சொல்லமாட்டேன், தெரியாது என்றும் சொல்லமாட்டேன். தெரியாது என்று நான் சொல்லிவிட்டால் அவர்கள் காலனிப் பக்கம் திரும்பி, வீடு வீடாகக் கேட்கத் தொடங்குவார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்: அந்தக் கேள்வி வந்து நிற்கும் இடம். இத்தனை வருடம் அந்த இடத்தில் அவர் இருந்தார், இனி நான். பெரிய வீட்டாரும் இதைப் படிப்பார்கள், படிக்கட்டும். கேட்பதாக இருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள். மிஷின் காலை ஆறு மணிக்குத் திறந்திருக்கும்.